தையல் மெஷினை நிறுத்த வைத்த படங்கள்

நடுவர் ஐயா அவர்களுக்கும், எங்கள் அணித் தலைவருக்கும், எதிரணியில் அமர்ந்திருக்கும் அண்ணனுக்கும் டீச்சருக்கும், திருவிழாக் கடைகளை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிற ஊர் மக்கள் அனைவருக்கும் வணக்கம்.

‘சாதாரண ரசிகரின் மனதுக்கு நெருக்கமானவை அன்றைய தமிழ்ப் படங்களா, இன்றைய தமிழ்ப் படங்களா?’ இதுதான் தலைப்பு. 2000-ஆம் ஆண்டில் நடுவர் ஒரு கோடு போட்டுக் கொடுத்திருக்கிறார். அதற்கு முன்னால் வந்ததெல்லாம் எதிரணிக்கு, பின்னால் வந்ததெல்லாம் எங்களுக்கு. ‘இன்றைய படங்களே’ என்று பேச நான் வந்திருக்கிறேன்.

நான் சினிமாவை ஆராய்ச்சி செய்கிறவள் இல்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தையல் கடை வைத்திருக்கிறேன். மத்தியானத்தில் கடை டிவியில் பழைய படம் ஓடும். பண்டிகை வேலையெல்லாம் முடிந்து கை ஓய்ந்திருக்கும்போது, ‘நல்லா இருக்கு’ என்று நாலு பேர் சொன்ன படமாக இருந்தால் குடும்பத்தோடு தியேட்டருக்குப் போவோம். தலைப்பு என்னைப் போன்றவர்களைப் பற்றியது என்பதால்தான் இந்த மேடை ஏறியிருக்கிறேன்.

கடையில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து எனக்குப் புரிந்த ஒன்றைச் சொல்கிறேன். பழைய படத்தை நான் தைத்துக்கொண்டே பார்த்து முடித்துவிடுவேன். துணியிலிருந்து கண்ணை எடுக்க வேண்டியதே இல்லை. யார் வந்தார், யார் போனார், யாருக்கு என்ன கோபம், கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது, எல்லாவற்றையும் வசனத்திலேயே சொல்லிவிடுவார்கள். அந்தக் காலத்தில் ரேடியோவில் ஒலிச்சித்திரம் போடுவார்கள் இல்லையா? ஒரு முழுப் படத்தின் ஒலியை மட்டும் ஒலிபரப்புவார்கள். படமே தெரியாமல், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டு எங்கள் அம்மா தலைமுறை அழுதிருக்கிறது.

இதற்குக் காரணம் இருக்கிறது. நம் சினிமா நாடகக் கொட்டகையிலிருந்து வந்தது. 1952-ல் வந்த ‘பராசக்தி’ முதலில் மேடை நாடகம். 1959-ல் வந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படமாவதற்கு முன்னால் சிவாஜி அதை மேடையில் நடித்துக்கொண்டிருந்தார். சிறு வயதிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்து வளர்ந்தவர் அவர். மைக் சரியாக இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்காரருக்கும் கேட்க வேண்டும், கடைசி வரிசைக்காரருக்கும் முகம் புரிய வேண்டும் என்று பழகிய நடிப்பு அது. கட்டபொம்மனுக்காக 1960-ல் கெய்ரோவில் நடந்த ஆப்பிரிக்க-ஆசியத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது வாங்கினார். அந்த நடிப்பின் முன்னால் எனக்குக் கை கூப்பத்தான் தெரியும். ஆனால் கை கூப்புவது வேறு, மனதுக்கு நெருக்கம் வேறு. நம் வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. நம் வீட்டில் துக்கம் வந்தால் பாதி நேரம் யாரும் பேசுவதே இல்லை.

‘கடைசி விவசாயி’ 2022-ல் வந்தது. தியேட்டரில் வந்தபோது நான் பார்க்கவில்லை. பிறகு ஒரு நாள் கடையில் மகள் போட்டுவிட்டாள். வழக்கம்போல் தைத்துக்கொண்டே பார்க்கலாம் என்று ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் காதுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால் ஒரு பெரியவர் மாட்டை ஓட்டிக்கொண்டு போகிறார், தண்ணீர் பாய்ச்சுகிறார், வருகிறார். அப்புறம் நான் மெஷினை நிறுத்திவிட்டேன். படம் முடிகிறவரை அது ஓடவில்லை.

கதை இதுதான். ஊர்ச் சாமிக்குத் திருவிழா எடுக்க வேண்டும். அதற்கு ஊரில் விளைந்த நெல் வேண்டும். எல்லோரும் நிலத்தை விற்றுவிட்டார்கள். விற்காமல் இருப்பவர் இந்த ஒரு பெரியவர்தான். அவர் நாற்று விடுகிறார். நடுவில், செத்துக் கிடந்த மயில்களைப் புதைத்ததற்காக, கொன்றவரே அவர்தான் என்று வழக்குப் போட்டு உள்ளே தள்ளிவிடுகிறார்கள். அவருக்குத் தன் வழக்கைப் பற்றிய கவலையே இல்லை. பயிர் தண்ணீர் இல்லாமல் கிடக்கிறதே என்பதுதான் கவலை. அவர் வயலுக்குப் போய்த் தண்ணீர் பாய்ச்சும்படி ஒரு போலீஸ்காரரிடம் சொல்கிறார் அந்தப் பெண் மாஜிஸ்ட்ரேட். இதில் சண்டை இல்லை, பஞ்ச் வசனம் இல்லை. அந்தப் பெரியவராக நடித்த நல்லாண்டி உண்மையிலேயே விவசாயி, எண்பது வயதைத் தாண்டியவர். படம் வெளியாவதற்கு முன்பே அவர் இறந்துவிட்டார். தேசிய விருதில் அவருக்குச் சிறப்புக் குறிப்பு கிடைத்தது. சிறந்த தமிழ்ப் படத்துக்கான விருதும் அந்தப் படத்துக்குத்தான்.

நடுவர் ஐயா, அன்று இந்தக் கதையை எடுத்திருந்தால் அந்தப் பெரியவர் வேடத்தை யாருக்குக் கொடுத்திருப்பார்கள்? ஒரு பெரிய நட்சத்திரத்துக்கு நரை விக் வைத்திருப்பார்கள். கோர்ட்டில் அவருக்கு நாலு பக்க வசனம் எழுதியிருப்பார்கள். அந்த வசனத்துக்கு நாம் கைதட்டியிருப்போம். வீட்டுக்கு வந்ததும் அந்த நடிகரைப் பற்றித்தான் பேசியிருப்போம். ‘கடைசி விவசாயி’ பார்த்துவிட்டு நான் எங்கள் தாத்தாவைப் பற்றித்தான் பேசினேன்.

எதிரணித் தலைவர் அண்ணன் ஒரு கணக்குச் சொன்னார். 1964-ல் வந்த ‘கர்ணன்’ படத்தை 2012-ல் புதுப்பித்து வெளியிட்டபோது 100 நாளைத் தாண்டி ஓடியது, இன்றைய படமோ வெள்ளிக்கிழமை வந்து திங்கட்கிழமை போய்விடுகிறது என்றார். 1944-ல் வந்த ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளியைப் பார்த்த கதையையும் சொன்னார். இரண்டும் உண்மை. நான் மறுக்கவில்லை.

ஆனால் ஒரு விஷயத்தை விட்டுவிட்டார். அன்று ஒரு படத்துக்கு இருந்த பிரதிகள் கொஞ்சம், தியேட்டர்களும் கொஞ்சம். பட்டணத்தில் ஓடித் தேய்ந்த பிரதிதான் பிறகு சின்ன ஊருக்கு வரும். ஆகவே ஒரே தியேட்டரில் மாதக்கணக்கில் ஓடியாக வேண்டும். இன்று ஒரே நாளில் நூற்றுக்கணக்கான தியேட்டர்களில் படம் வந்துவிடுகிறது. சில வாரங்களில் வீட்டுக்கே வந்துவிடுகிறது. நாளை எண்ணி ஒப்பிட்டால் அது நியாயமான ஒப்பீடு ஆகாது. மறு வெளியீடு என்றால் எங்களிடமும் இருக்கிறது. 2004-ல் வந்த ‘கில்லி’யை 2024-ல் மறுபடி வெளியிட்டார்கள். அது வந்தபோது பிறந்தே இருக்காத பிள்ளைகள் தியேட்டரில் எழுந்து நின்று ஆடினார்கள்.

இன்னொன்று, பழைய படங்களைக் காலம் நமக்காகச் சலித்துக் கொடுத்திருக்கிறது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற ஒரே நிறுவனம் மட்டும் நூற்றுக்கும் அதிகமான படங்களை எடுத்தது. ‘மந்திரி குமாரி’ சொல்வீர்கள், ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ சொல்வீர்கள். அதற்கு மேல் ஐந்து பெயர் இந்தப் பந்தலில் யார் சொல்வார்கள்? மீதி எல்லாம் எங்கே போயின? பார்த்தவர்களே மறந்துபோனார்கள். எதிரணியினர் எழுபது ஆண்டு சலிப்பில் மிஞ்சிய முத்துகளை ஒரு தட்டில் வைத்துவிட்டு, போன வெள்ளிக்கிழமை வந்த எல்லாப் படங்களையும் உமியோடு சேர்த்து எங்கள் தட்டில் கொட்டுகிறார்கள். எங்களுக்கும் சலித்துப் பார்க்க அனுமதி கொடுங்கள் ஐயா.

அண்ணன் அடுத்துச் சொன்னதுதான் இன்றைக்கு இந்த மேடையில் வந்த வாதங்களிலேயே பலமானது. உழைக்கிற மக்களைத் திரையில் கொண்டுவந்தவர் எம்.ஜி.ஆர். 1964-ல் ‘படகோட்டி’, 1967-ல் ‘விவசாயி’, 1971-ல் ‘ரிக்‌ஷாக்காரன்’. மீனவரையும் விவசாயியையும் ரிக்‌ஷா ஓட்டுபவரையும் கதாநாயகன் ஆக்கினார் என்றார். ஆமாம். அது சாதாரண காரியம் இல்லை. ராஜாக்களும் ஜமீன்தார்களும் நிறைந்திருந்த திரையில் ஒரு ரிக்‌ஷாக்காரர் தலை நிமிர்ந்து நடந்தார். அதைப் பார்த்து விசில் அடித்த ரிக்‌ஷாக்காரருக்குக் கிடைத்த கௌரவம் பெரியது. அந்தப் படத்துக்காக எம்.ஜி.ஆருக்குத் தேசிய விருதும் கிடைத்தது.

ஆனால் அந்த ரிக்‌ஷாக்காரருக்கு முதுகு வலித்ததா? பத்துப் பைசாவுக்குப் பேரம் பேசிய சவாரியிடம் அவர் தோற்றுப்போனதுண்டா? அவருக்குப் பயம் உண்டா? இல்லை. ஏனென்றால் வண்டியில் இருந்தது ரிக்‌ஷாக்காரர் இல்லை, எம்.ஜி.ஆர். தொழில் உடையில் இருந்தது. உடலில் இல்லை. நாம் அவரைப் போல ஆக வேண்டும் என்று ஆசைப்பட்டோம், அது உண்மை. ஆனால் அவர் நம்மைப் போல ஒரு நாளும் இருந்ததில்லை. தலைப்பு ‘நெருக்கம்’ என்று கேட்கிறது.

பேச்சுக்கு வருகிறேன். டீச்சர் பழைய படங்களின் தமிழைப் பற்றி மிக அழகாகப் பேசினார். ‘பராசக்தி’ கோர்ட் வசனத்தை ஒரு தலைமுறையே மனப்பாடம் செய்து ஒப்பித்தது. நல்ல தமிழ் கேட்டு வளர்ந்தோம், நன்றி உண்டு. ஆனால் டீச்சர், அந்தப் படங்களில் ஊர்ப் பேச்சை யாருக்குக் கொடுத்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். வேலைக்காரருக்கும் காமெடியனுக்கும். கதாநாயகன் எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் மேடைத் தமிழ். பக்கத்தில் நிற்கிற காமெடியன் மெட்ராஸ் பாஷை. வட சென்னையில் பிறந்த ஒருவர் தன் அம்மா பேசுகிற பேச்சைத் திரையில் கேட்டபோதெல்லாம் தியேட்டர் சிரித்திருக்கிறது. அவருக்கு எப்படி இருந்திருக்கும்?

2021-ல் ‘சார்பட்டா பரம்பரை’ வந்தது. 1970-களின் வட சென்னை, குத்துச்சண்டை. அதே பேச்சில் அந்த மாரியம்மா தன் புருஷனிடம் கோபப்படுகிறாள், கெஞ்சுகிறாள், அவனைத் தூக்கி நிறுத்துகிறாள். யாரும் சிரிக்கவில்லை. ‘பரியேறும் பெருமாள்’ திருநெல்வேலிப் பேச்சு, ‘பருத்திவீரன்’ மதுரைப் பக்கம், ‘குடும்பஸ்தன்’ கோயம்புத்தூர். 2025-ல் வந்த ‘டூரிஸ்ட் ஃபேமிலி’யில் இலங்கையிலிருந்து படகேறி வந்த ஒரு குடும்பம் சென்னைக் காலனியில் தங்கள் பேச்சை மறைத்து வாழப் பார்க்கிறது. ஊர்ப் பேச்சோடு ஒருவன் கதாநாயகனாக நிற்கலாம் என்று இன்றைய படம்தான் சொல்லியிருக்கிறது.

‘பரியேறும் பெருமாள்’ பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லாமல் போக மாட்டேன். பழைய படத்தில் பணக்கார வீட்டுப் பெண்ணும் ஏழைப் பையனும் காதலிப்பார்கள். அப்பா எதிர்ப்பார். கடைசி ரீலில் மனம் மாறி ஆசீர்வாதம் செய்வார். எல்லாத் தடைக்கும் பணம்தான் காரணம் என்று சொல்லி முடித்துவிடுவார்கள். நம் ஊரில் தடை பணம் மட்டுமா? எல்லோருக்கும் தெரிந்த ஒரு விஷயத்தை அந்தக் காலத்துப் பெரும்பாலான படங்கள் பெயர் சொல்லிப் பேசவில்லை. 2018-ல் இந்தப் படம் பேசியது. சட்டக் கல்லூரியில் சேர்ந்து ஆங்கில வகுப்பு புரியாமல் தவிக்கிற ஒரு பையன், அவனுக்குப் படிக்க உதவுகிற ஒரு பெண், அவளுடைய குடும்பம் அவனுக்குச் செய்கிற கொடுமை. கடைசியில் அந்தப் பையனும் பெண்ணின் அப்பாவும் எதிரெதிரே நின்று பேசுகிறார்கள். கட்டிப்பிடித்து அழவில்லை. கல்யாணமும் இல்லை. பக்கத்தில் இரண்டு டீ கிளாஸ், ஒன்றில் பால் டீ, ஒன்றில் கடுங்காப்பி நிறத்தில் பால் இல்லாத டீ, நடுவில் ஒரு பூ. அதோடு விட்டுவிட்டார்கள். தியேட்டரில் என் பக்கத்து வரிசையில் இருந்தவர்கள் படம் முடிந்தும் எழுந்திருக்கவில்லை. இந்த ஊரில் அப்படிப் பேச வேண்டிய வீடுகள் இருக்கின்றன என்பது அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இவ்வளவு பாரமான விஷயம்தான் வேண்டுமென்று நான் சொல்லவில்லை. வீட்டு வாடகையையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் வீடு தேடி அலைந்திருக்கிறோம். என்ன சாப்பிடுவீர்கள், எத்தனை பேர், ஊரிலிருந்து யாராவது வந்து தங்குவார்களா என்று வாசலில் நிற்க வைத்துக் கேட்பார்கள். பழைய படங்களில் வாடகைக்கு வீடு கேட்டு வருகிறவர் என்றால் அது பெரும்பாலும் காமெடிக்கு ஒரு வழி. பொய் சொல்லிக் குடி வருவார்கள், பிறகு மாட்டிக்கொள்வார்கள். ‘டுலெட்’ என்று ஒரு படம் 2019-ல் தியேட்டருக்கு வந்தது. 2007-ல் சென்னை. ஐ.டி. கம்பெனிகள் வந்து வாடகை ஏறிக்கொண்டிருக்கிற நேரம். புருஷன், பெண்டாட்டி, ஒரு சின்னப் பையன். வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். மூன்று பேரும் வண்டியில் வீடு தேடிச் சுற்றுகிறார்கள். அவ்வளவுதான் படம். பின்னணி இசைகூடக் கிடையாது. புரோக்கர் சொல்லிப் பார்க்க வருகிறவர்கள் அந்தச் சின்ன வீட்டின் உள்ளே எட்டிப் பார்க்கும்போது, குடியிருக்கிற அந்தப் பெண் முகத்தில் வருகிற கூச்சம் இருக்கிறதே, அதை வாடகை வீட்டில் இருந்தவர்கள்தான் முழுதாக அறிவார்கள். தேசிய விருதில் சிறந்த தமிழ்ப் படம் என்று அதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அதே வாடகை வீட்டில் 2023-ல் ‘பார்க்கிங்’. கீழே ஒரு குடும்பம், மேலே ஒரு குடும்பம், கார் நிறுத்த ஒரே இடம். ஒரு பக்கம் ஐ.டி. வேலைக்கார இளைஞன், இன்னொரு பக்கம் நேர்மையாகவே வேலை பார்த்து ஓய்வு பெறும் வயதை நெருங்கிவிட்ட அரசு ஊழியர். எம்.எஸ்.பாஸ்கர் அந்த வேடத்தில் தேசிய விருது வாங்கினார். வில்லன் என்று தனியாக யாரும் இல்லை. இரண்டு பேருடைய வீம்பும்தான் வில்லன். என் கடைக்கு வருகிறவர்களில் இந்தப் படத்தைப் பற்றி என்னிடம் பேசாதவர்கள் குறைவு. ஒவ்வொருவரும் தங்கள் தெருவில் நடந்த ஒரு சண்டையைச் சொன்னார்கள். ‘கர்ணன்’ பார்த்துவிட்டு யாரும் தங்கள் தெருச் சண்டையைச் சொல்ல முடியாது. தேரோட்டியின் வீட்டில் வளர்ந்தவனின் துயரம் பெரிய துயரம்தான், ஆனால் அதைத் தூரத்தில் நின்றுதான் பார்க்கிறோம்.

டீச்சர் கோபமாகச் சொன்ன ஒரு குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். இன்றைய படங்களில் ஒரே ரத்தம், துப்பாக்கி, வெட்டு, பிள்ளைகளோடு உட்கார முடியவில்லை என்றார். பெரிய நட்சத்திரப் படங்கள் பலவற்றுக்கு இது பொருந்தும். எனக்கும் அவை பிடிக்கவில்லை. கழுத்தை அறுப்பதைப் பக்கத்தில் போய்க் காட்ட வேண்டிய அவசியம் என்ன என்று நானும் கேட்கிறேன். அங்கே டீச்சரோடு நிற்கிறேன்.

ஆனால் அன்றைய படங்கள் எல்லாம் குடும்பத்தோடு பார்க்கத் தகுந்தவை என்றால், அதை ஒத்துக்கொள்ள முடியாது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வந்த எத்தனை படங்களில் ஒரு பெண்ணைப் பலவந்தப்படுத்துகிற காட்சி சண்டைக் காட்சி மாதிரி ஒரு வழக்கமாகவே இருந்தது? அப்புறம் ஊர்ப் பஞ்சாயத்து கூடும். அவனையே அவளுக்குத் தாலி கட்ட வைத்து, நியாயம் கிடைத்துவிட்டது என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போவார்கள். அதைத்தான் நம் வீடுகளில் குழந்தைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தோம். அந்தப் பெண்ணின் முகத்தை யாராவது கேட்டார்களா? 1972-ல் வந்த ‘பட்டிக்காடா பட்டணமா’ அப்படிப்பட்ட படம் இல்லை, ஜாலியான வெற்றிப் படம். அதிலும் படித்த, பட்டணத்துப் பெண்டாட்டியை அடக்கி வழிக்குக் கொண்டுவருவதுதான் கதை. சாவித்திரியம்மாவும் பத்மினியம்மாவும் எவ்வளவு பெரிய நடிகைகள்! அவர்கள் திறமைக்கு முன்னால் கதைகள்தான் சின்னதாக இருந்தன. ரத்தத்தைக் கண்டால் நான் பிள்ளையின் கண்ணைப் பொத்திவிடலாம். பெண் அடங்கினால்தான் குடும்பம் என்று இனிமையான பாட்டோடு சொல்லிக் கொடுத்தால் எதைப் பொத்துவது?

குடும்பத்தோடு போய்ப் பார்க்க இன்று படமே இல்லையா என்ன? 2024-ல் ‘மெய்யழகன்’. இரண்டு ஆண்கள் ஒரு ராத்திரி முழுக்கப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். வில்லன் இல்லை. பாசத்தை எப்படி வாங்கிக்கொள்வது என்று தெரியாத ஒருவன், பாசத்தைக் கொட்டுகிற ஒருவன். 2023-ல் ‘குட் நைட்’. குறட்டை விடுகிற ஒருவன் அதனால் வீட்டிலும் வேலையிலும் படுகிற பாடு, அதற்குப் பின்னால் அவன் மனைவியின் தனிமை. இதெல்லாம் கதையா என்று அன்று கேட்டிருப்பார்கள். நம் வீட்டில் நடப்பது இதுதானே!

பாட்டு விஷயத்தில் நான் வாதாட வரவில்லை. கண்ணதாசன் வரியும், விஸ்வநாதன் - ராமமூர்த்தி இசையும், டி.எம்.எஸ்., சுசீலாம்மா குரலும் எதிரணிக்கே இருக்கட்டும். ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்தப் பாட்டுகளில் எத்தனைக்கு எந்தப் படம் என்று நமக்குத் தெரியும்? படம் மறந்துபோய்ப் பாட்டு மட்டும் நிற்கிறது என்றால், அது பாட்டின் பெருமை. இன்றைய தலைப்பு படங்களைப் பற்றியது.

1977-ல் ‘16 வயதினிலே’ வந்து கேமராவைக் கிராமத்துக்குக் கொண்டுபோய்விட்டது, 1979-ல் ‘உதிரிப்பூக்கள்’ வந்துவிட்டது, புதிதாக நீங்கள் என்ன செய்துவிட்டீர்கள் என்று அண்ணன் கேட்டார். நடுவர் போட்ட கோட்டின்படி அவை எதிரணியின் சொத்து. நான் உரிமை கொண்டாட மாட்டேன். ஆனால் அவை எதிரணியின் வாதத்துக்கு உதவாது அண்ணே. ‘16 வயதினிலே’யில் கோவணம் கட்டி, காலை இழுத்து நடக்கிற சப்பாணியை மக்கள் தூக்கிக் கொண்டாடி வெள்ளிவிழா ஓட வைத்தார்களே, ஏன்? அதுவரை திரையில் பார்க்காத, ஆனால் தெருவில் தினமும் பார்த்த ஒருவனை அன்றைக்குத்தான் அங்கே பார்த்தார்கள். ரசிகரின் மனது எந்தப் பக்கம் சாய்கிறது என்பதற்கு அந்தப் படமே எங்கள் சாட்சி. 1977-ல் திறந்த அந்தக் கதவு வழியாக ஊர் ஊராக, தெருத் தெருவாக ஆட்கள் உள்ளே வந்தது 2000-க்குப் பிறகு.

கடைசியாக இரண்டு படங்களை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன்.

1965-ல் ஜெயகாந்தன் தன் கதையைத் தானே இயக்கி ‘உன்னைப்போல் ஒருவன்’ என்று ஒரு படம் எடுத்தார். பின்னால் அதே பெயரில் வந்த கமல் படம் வேறு. இது சென்னைக் குடிசைப் பகுதியில் வாழ்கிற ஒரு பையனும் அவன் அம்மாவும் பற்றியது. ஆட்டம் பாட்டம் எதுவும் இல்லாத படம். தேசிய விருதுப் பட்டியலில் இடம் பிடித்தது. படத்தை நான் பார்த்ததில்லை, எங்கே பார்ப்பது? நூலகத்தில் எடுத்துக் கதையைத்தான் படித்தேன். அம்மா தனக்கென்று ஒரு துணையைத் தேடிக்கொள்ளும்போது அந்தப் பையனுக்குள் வருகிற கோபத்தை அவ்வளவு நியாயமாக எழுதியிருக்கிறார். ஆனால் அந்தப் படம் பெரிய அளவில் தியேட்டர்களுக்குப் போய்ச் சேரவே இல்லை. எந்தக் குடிசையைப் பற்றி எடுத்தாரோ அந்தக் குடிசை மக்களே பார்த்திருப்பார்களா என்பது சந்தேகம். 1954-ல் வந்த ‘அந்த நாள்’ படத்துக்கும் கிட்டத்தட்ட இதே கதிதான். சிவாஜி இருந்தும், பாட்டு இல்லை என்று மக்கள் முகம் சுளித்தார்கள்.

சரியாக ஐம்பது வருடம் கழித்து, 2015-ல் ‘காக்கா முட்டை’ தியேட்டருக்கு வந்தது. ‘கடைசி விவசாயி’ எடுத்த அதே மணிகண்டனின் முதல் படம். அதே சென்னை, அதே குடிசை. அப்பா சிறையில். அம்மாவும் பாட்டியும். ரயில் பாதையோரம் விழுகிற கரியைப் பொறுக்கி விற்கிற இரண்டு பையன்கள். காக்கா கூடு கட்டியிருந்த மரத்தை வெட்டிவிட்டு அந்த இடத்தில் பீட்ஸா கடை வருகிறது. பையன்களுக்கு அதைத் தின்று பார்க்க ஆசை. பாட்டி தோசை மாவில் காய்களைப் போட்டு ஒரு பீட்ஸா சுட்டுக் கொடுக்கிறாள். காசு சேர்த்துக்கொண்டு போனால் உள்ளே விட மாட்டேன் என்கிறார்கள். புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனாலும் அடி விழுகிறது. கடைசியில் பீட்ஸா கிடைத்துத் தின்று பார்த்தால், பாட்டி சுட்ட தோசையே மேல் என்கிறார்கள். இந்தப் படத்துக்கும் தேசிய விருது, அந்த இரண்டு பையன்களுக்கும் தேசிய விருது. விருதோடு நிற்கவில்லை. தமிழ்நாடு முழுக்கத் தியேட்டர் தியேட்டராக ஓடியது. நானும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன். பெரிய நட்சத்திரம் ஒருவரும் அதில் முக்கிய வேடத்தில் இல்லை. குடிசைப் பையன்களைப் பார்க்க நாங்கள் டிக்கெட் எடுத்தோம்.

ஜெயகாந்தன் அன்றைய ஆள்தானே, அந்தப் பெருமை எங்களுக்குத்தானே என்று எதிரணி கேட்கலாம். எடுக்கிற ஒருவர் அன்றைக்கும் இருந்தார், அவருக்கு என் வணக்கம். ஆனால் அவர் எடுத்ததை வாங்கிக் காட்ட ஆள் இல்லை. அடுத்துப் பேச வருகிற அண்ணன், எந்தப் படம் எத்தனை நாள் ஓடியது என்ற கணக்கை விட்டுவிட்டு, இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும்: அதே ஊரின் அதே குடிசைப் பையன் 1965-ல் தியேட்டர் வாசலிலேயே நின்றுவிட்டானே, அவனை 2015-ல் உள்ளே கூட்டி வந்து நடுத்திரையில் நிறுத்தியது எந்தக் காலத்துப் படம்? அவர் சொல்வதைக் கேட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதுங்கள் நடுவர் ஐயா.

நன்றி, வணக்கம்.